படியும் பொருளும்

இணையப் பக்கங்களைத் தொகுத்து, இணைப்பில்லாதபோதும் படிக்கத் தரும் மென்பொருள்களுள் 1998இல் வெளிவந்த ‘எச்.டி. டிராக்’ குறிப்பிடத்தக்கது. பக்கங்களையும் படங்களையும் இறக்கி, அவற்றிடை இணைப்புகளைக் கணினிக்குள்ளேயே இயங்குமாறு அது மாற்றியமைக்கும். எனினும், அப்படியை முழுமையானதெனக் கொள்ளுதல் பொருந்தாது. ஒருங்குறிக்கு முற்பட்ட தமிழ்ப் பக்கங்கள் பல, தத்தமக்குரிய எழுத்துரு இல்லாவிடில் பொருளற்ற குறிகளாகவே தோன்றும்.

இதன் விளைவை நம் கடற்கரை வரலாறு கொண்டு தெளியலாம். முத்துக்குளித்துறையில் தொண்டாற்றிய அன்றீக்கு அடிகளார் 1586இல் அச்சிட்ட ‘அடியார் வரலாறு’, வத்திக்கான் நூலகப் படியால் நமக்கு மீண்டது. நானூறாண்டு கடந்த அந்நூலைக் கற்க இயலுகிறது; இருபத்தைந்தாண்டே கடந்த பக்கத்தைக் கற்க இயலவில்லை. ஆதலின், பக்கத்தோடு எழுத்துருவையும் குறியீட்டு முறையின் பெயரையும் ஒருங்கே சேமித்தலே காத்தலாகும். ஏனையது வெறும் படியெடுத்தலேயாம்.