வெறுங்கை வீரரின் பணி யாது?

ஒரு குழுவில் ஒருவருக்குரிய இடத்தை உறுதிசெய்வது அவருடைய திறமைகளின் எண்ணிக்கையன்று. அவரால் மட்டுமே செவ்வனே நிறைவேறக்கூடிய பணி எது என்பதே. இன்னாருக்கு இன்ன பணி எனத் தேர்ந்தளிப்பதன் அருமையை விளக்கத் திருக்குறளில் 'தெரிந்து வினையாடல்' என ஓர் அதிகாரமே அமைந்துள்ளது. ஆட்சிக்கும் பள்ளிக்கும் பொருந்தும் அவ்வளவுகோல் விளையாட்டுக்கும் பொருந்தும். 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் அமெரிக்க விளையாட்டில் 'மங்க்' எனப்படும் துறவி வீரர் அடைந்த மாற்றங்கள் இதற்குத் தக்க சான்றாகும்.

கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவரும் உருவாக்கிய இவ்விளையாட்டு 1974இல் வெளிவந்தது. மேசையைச் சுற்றிச் சிலர் அமர்வர். ஒருவர் கதையை நடத்த, ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்பர். செயலின் வெற்றி தோல்வியைப் பகடை தீர்மானிக்கும். தொடக்கத்தில் போர்வீரர், மந்திரவாதி, சமயகுரு என மூன்று வகையினரே இருந்தனர். போர்வீரர் முன்னின்று அடியைத் தாங்குவார். மந்திரவாதி பின்னிருந்து பேராற்றலைச் செலுத்துவார். சமயகுரு காயத்தை ஆற்றுவார். 1975இல் வந்த திருடர் பூட்டையும் பொறியையும் கவனித்துக்கொண்டார். ஒவ்வொருவருக்கும் ஒரு பணி. ஒருவர் இல்லையெனில் மற்றவர் இடருறுவர். இவ்விளையாட்டின் அறமும் சுவையும் இதில்தான் அடங்கியுள்ளன.

அதே 1975இல் 'பிளாக்மூர்' என்னும் இணைப்பு நூலின் வழியாகத் துறவி வீரர் நுழைந்தார். 'குங் ஃபூ' தொலைக்காட்சித் தொடரும் புரூஸ் லீயின் 'என்டர் தி டிராகன்' திரைப்படமும் அமெரிக்க மக்களின் உள்ளத்தைக் கவர்ந்திருந்த காலம் அது. வெறுங்கையால் வாளை வெல்லும் வீரர்மீது எழுந்த வியப்பு இயல்பானதே. ஆனால், வியப்பு வேறு, தேவை வேறு. இவர் எவ்வளவு வல்லவர் எனக் கேட்ட விதிநூல்கள், இவர் வருகையால் உடனிருப்போருக்கு என்ன நன்மை எனக் கேட்கவில்லை.

அதன் விளைவு 1978ஆம் ஆண்டு விதிநூலில் வெளிப்பட்டது. துறவிக்குக் கவசம் இல்லை. போர்வீரரின் உயிர்ப்புள்ளிகளைப் பத்துமுகப் பகடை அளக்க, இவருக்கு நான்முகப் பகடையே வாய்த்தது. ஆகவே, முன்வரிசையில் நிற்க இயலாது. பூட்டுத் திறத்தல், ஓசையின்றி நடத்தல் முதலிய திறன்கள் அளிக்கப்பட்டன. அவையோ முன்னரே திருடருக்குரியவை. உயர்நிலையை எட்ட வேண்டுமாயின், அந்நிலையில் இருக்கும் மற்றொரு துறவியைத் தனிப்போரில் வெல்ல வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. தனியொருவரின் கதைக்கு இது அழகு. கூட்டு முயற்சிக்கு இதனால் பயன் சிறிதே.

1985இல் துறவி 'ஓரியண்டல் அட்வெஞ்சர்ஸ்' என்னும் கீழ்த்திசை நூலுக்கு மாற்றப்பட்டார். 1989இல் வந்த இரண்டாம் பதிப்பின் அடிப்படை நூலில் அவருக்கு இடமே இல்லை. இருக்கை மாற்றப்பட்டதேயன்றிப் பணி வரையறுக்கப்படவில்லை.

2000ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பு அவரை மீண்டும் அழைத்துக்கொண்டது. எனினும் அங்கே ஒரு முரண் தலைகாட்டிற்று. பிறரினும் விரைந்தோடும் கால்களும் அடுக்கடுக்காய் அடிக்கும் கைகளும் அவருக்கு ஒருங்கே வழங்கப்பட்டன. ஆயின், அடுக்கடியை நிகழ்த்த அவர் ஏறத்தாழ நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். ஓடினால் அடி குறையும். அடித்தால் ஓட்டம் பயனற்றுப்போகும். காலும் கையும் ஒன்றுக்கொன்று பகையாயின.

நான்காம் பதிப்பு (2008) பணிகளுக்கு வெளிப்படையாகவே பெயரிட்டது: காப்பவர், தாக்குபவர், துணைநின்று நடத்துபவர், களத்தை அடக்குபவர் என நான்கு. 2010இல் வந்த துறவி தாக்குபவராக அறிவிக்கப்பட்டார். நகர்தலும் தாக்குதலும் ஒரே பயிற்சியின் இரு கூறுகளாக இணைக்கப்பட்டமை பாராட்டுக்குரியது. பெயரோ முற்றும் பொருந்தியதன்று. மிகுதியாகச் சேதம் விளைவிப்பதே பணியெனில், அதனைச் செய்யப் பிறரும் உளர்.

அவ்வாறாயின் துறவிக்கு உரிய பணி எது? விடை 2014ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்பிலேயே ஒளிந்துகிடக்கிறது. பகையணியின் பின்னே நின்று மந்திரம் செலுத்துவோரை விரைந்தணுகி, அவர்தம் செயலைக் குலைப்பதே அது. ஐந்தாம் நிலைத் துறவி தன் முறை வரும்போது நான்கு அடிகள் வரை அடிக்கலாம். ஒவ்வோர் அடியும் சிறிதே. ஆனால், ஒருமுகப்பட்ட கவனத்தால் மந்திரத்தைத் தாங்கிநிற்பவர் தம்மீது படும் ஒவ்வோர் அடிக்கும் தனித்தனியே பகடை உருட்டித் தம் கவனத்தைக் காக்க வேண்டும். ஒரு பேரடியினும் நான்கு சிற்றடிகள் அங்கே பயன் மிக்கவை. எதிரியைத் திகைக்கச் செய்யும் அடியும் உடலுறுதி மிக்க பூதங்களிடம் எளிதில் தோற்கும். மெலிந்த மந்திரவாதியிடமோ பெரும்பாலும் வெல்லும். குறையெனக் கருதப்பட்டவை உரிய இடத்தில் சிறப்பாகின்றன.

தனியே பகைவர் நடுவில் புகுந்தவர் மீள்வது எங்ஙனம் என்னும் எதிர்ப்பு எழலாம். அது நியாயமானதே. 2014இன் விதிப்படி அடுக்கடிக்கும், விலகி ஓடவும், தற்காத்துக்கொள்ளவும், திகைக்கச் செய்யவும் 'கீ' என்னும் ஒரே சேமிப்பிலிருந்து செலவிட வேண்டும். ஐந்தாம் நிலையில் அச்சேமிப்பு ஐந்து புள்ளிகளே. சென்றவருக்குத் திரும்பிவரக் கைப்பொருள் இல்லாத நிலை அது. 2024ஆம் ஆண்டின் திருத்தநூல் செலவின்றி விலகவும் விரையவும் வழிசெய்தது. அண்மையில் நின்று அடிக்கப்படும் ஆயுத அடிகளையும் கையால் தணிக்கும் திறனை அளித்தது. போகச் சொன்னவர் மீளவும் வழி காட்டுவதே முறை. அவ்வகையில் இத்திருத்தம் போற்றத்தக்கது.

இவ்வாராய்ச்சி வெறும் கணக்கன்று. மேசையைச் சுற்றி அமர்ந்திருப்போர் மனிதர்கள். தம் முறை வருமளவும் பொறுத்திருந்து, பின் தாம் செய்ததால் எதுவும் மாறவில்லை எனக் காணும் ஒருவர், மறுவாரம் வராமற்போகலாம். அவரிடம் குறையில்லை, அவருக்குப் பணி அளிக்காத அமைப்பிடமே குறை. பல திறன்களை வாரி வழங்கிவிட்டு ஒரு பொறுப்பையும் ஒப்படைக்காமல் இருப்பது, சிறப்பிப்பதுபோல் ஒதுக்கிவைப்பதாகும்.

துறவி வீரர் கேடயமாக வேண்டுவதில்லை, மருத்துவராக வேண்டுவதில்லை, சேதக் கணக்கில் முதலிடம் பெறவும் வேண்டுவதில்லை. பிறர் எட்ட இயலாத இடத்தை எட்டி, அவர்கள் அஞ்சும் ஒருவரை அரை நாழிகை வாளாவிருக்கச் செய்தால் போதும். அந்த இடைவெளியில் வெல்வது குழு முழுமையும் ஆகும்.