ஓப்ரா டின் கப்பலின் ஆள் பட்டியல்

1802இல் லண்டனிலிருந்து கீழை நாடுகளுக்குச் சரக்கேற்றிக்கொண்டு புறப்பட்டது ‘ஓப்ரா டின்’ என்ற வணிகக் கப்பல். நன்னம்பிக்கை முனைக்கு அது வந்து சேரவே இல்லை. கடலில் தொலைந்தது என்று கணக்கை முடித்துவிட்டார்கள். 1807 அக்டோபரில் ஒரு நாள் காலை இங்கிலாந்தின் ஃபால்மத் துறைமுகத்துக்குள் அதே கப்பல் மிதந்து வருகிறது. பாய்கள் சேதமாகிக் கிடக்கின்றன. ஆள் நடமாட்டம் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்துக்காக வேலை பார்க்கும் இன்சூரன்ஸ் ஆய்வாளர் ஒருவர் அதில் ஏறி, பயணம் போன 60 பேருக்கும் என்ன நேர்ந்தது என்று எழுதிக்கொண்டு வர வேண்டும். லூகஸ் போப் உருவாக்கி 2018 அக்டோபரில் வெளியிட்ட ‘ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்’ என்ற வீடியோ கேம் இப்படித்தான் தொடங்குகிறது. அந்த ஆய்வாளர் நாம்தான். கதை சொல்லும் புதிர் விளையாட்டுகள் ஏராளமாக வந்துவிட்டன. பெரும்பாலானவற்றில் கதை ஒரு பக்கம் ஓடும், புதிர் ஒரு பக்கம் நிற்கும். புதிரை விடுவித்தால் அடுத்த துண்டுக் கதை கூலியாகக் கிடைக்கும். ஓப்ரா டின்னில் அந்தப் பிளவு இல்லை. கதையைப் புரிந்துகொள்வதே அங்கே புதிர். இந்தச் சாதனைக்குக் காரணம் கேட்டால் எல்லோரும் அதில் வரும் மாயக் கடிகாரத்தைக் காட்டுவார்கள். கடிகாரம் பாதிக் காரணம்தான் என்பது என் கட்சி. மீதிப் பாதி, ஆட்டத்தில் நம் கைக்கு வரும் ஒரு புத்தகத்தில் இருக்கிறது.

முதலில் கடிகாரம். ‘மெமெண்டோ மோர்ட்டெம்’ என்று பெயர் கொண்ட அந்தப் பாக்கெட் கடிகாரத்தை ஒரு பிணத்தின் முன்னால் திறந்தால் திரை இருண்டுவிடும். அந்த ஆள் சாவதற்குச் சற்று முந்தைய ஓசைகள் மட்டும் கேட்கும்: இரண்டு மூன்று வரிப் பேச்சு, கதவை இடிக்கும் சத்தம், ஒரு வெடி. பிறகு சட்டென்று, உயிர் பிரிந்த அந்த நொடி உறைந்துபோய்க் கண்முன் நிற்கும். துப்பாக்கி வாயிலிருந்து கிளம்பிய தீப்பொறி அந்தரத்தில் நிற்கிறது. விழுகிறவன் விழுந்து முடிக்காமல் நிற்கிறான். அந்த நொடிக்குள் நாம் நடந்து திரியலாம், முகங்களை நெருங்கிப் பார்க்கலாம். எதையும் தொட முடியாது. அடுத்தது புத்தகம். கப்பலின் மருத்துவர் ஹென்றி எவன்ஸ் அனுப்பி வைத்தது அது. அதில் கப்பலின் வரைபடம், பயணப் பாதை, கப்பலில் வந்த ஓவியர் வரைந்த சில படங்கள், 60 பேரின் பெயரும் பதவியும் நாடும் அடங்கிய ஆள் பட்டியல் எல்லாம் உண்டு. கதைப் பக்கங்கள் மட்டும் காலி. ஒவ்வொரு முகத்துக்கும் அது மூன்று விஷயம் கேட்கிறது: இவர் யார், என்ன ஆனார், யாராவது கொன்றிருந்தால் அது யார்? கடிகாரம் இரண்டாவது கேள்விக்குப் பெரும்பாலும் நேராகவே பதில் சொல்லிவிடும். முதல் கேள்விக்கு அது அபூர்வமாகத்தான் பதில் சொல்லும். சாகிறவர் யாரும் தன் பெயரைச் சொல்லிவிட்டுச் சாவதில்லையே. கடிகாரம் காட்டுவதற்கும் புத்தகம் கேட்பதற்கும் நடுவில் இருக்கும் இந்த இடைவெளியில்தான் ஆட்டம் முழுவதும் நடக்கிறது.

அந்த இடைவெளியை நிரப்புவது எப்படி என்பதைத் தொடக்கத்திலேயே போப் ஒரு காட்சியில் கற்றுக்கொடுத்துவிடுகிறார். (இந்த ஒன்றைச் சொல்வதால் யாருடைய ஆட்டமும் கெடாது.) கேப்டன் தன் அறையில், இறந்து கிடக்கும் மனைவியிடம் பேசுகிறார், அவளுடைய தம்பியையோ அண்ணனையோ தானே சுட்டுவிட்டதாகச் சொல்கிறார். அவ்வளவுதான் பேச்சு. ஆட்டம் இதற்கு மேல் எதையும் அடிக்கோடிட்டுக் காட்டாது. ஆள் பட்டியலைத் திறந்து பார்த்தால் கேப்டனின் மனைவி பெயர் அபிகேல் ஹாஸ்கட் விட்டரெல் என்றிருக்கும். கப்பலின் முதல் துணை அதிகாரி பெயர் வில்லியம் ஹாஸ்கட். கேப்டன் கொன்ற ஆட்களில் ஒருவனுக்கு இப்போது பெயர் கிடைத்துவிட்டது. அந்தப் பெயரோடு கூடவே, மனைவியின் உடன்பிறந்தவனே கேப்டனுக்கு எதிராகக் கிளம்பினான் என்ற செய்தியும், அந்தக் குடும்பத்துக்குள் எது முறிந்தது என்ற கேள்வியும் வந்து சேர்கின்றன. இதை ஒரு காட்சியாக நடித்துக் காட்டியிருந்தால் நாம் பார்த்துவிட்டுப் போயிருப்போம். ஒரு பட்டியலின் இரண்டு வரிகளை நாமே சேர்த்ததால் அது நாம் கண்டுபிடித்த துயரம் ஆகிறது.

பின்னால் வரும் புதிர்கள் இதைவிட நுணுக்கமானவை. மாலுமிகள் படுக்கும் கான்வாஸ் தூளிகளில் எண் போட்ட வில்லைகள் தொங்கும். அந்த எண்கள் ஆள் பட்டியலின் வரிசை எண்கள். ஆனால் தூளிக்குள் போர்த்திக்கொண்டு படுத்திருப்பவரின் முகம் தெரியாது, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கால்கள்தான் தெரியும். சீனாவிலிருந்து வந்த, பாய்மரம் ஏறும் மாலுமிகளை ஒருவரிலிருந்து ஒருவர் பிரித்தறிய, காலில் போட்டிருப்பதைப் பார்த்து மனதில் வைத்துக்கொண்டு, வேறு யாரோ சாகும் வேறொரு காட்சியில் அதே கால்களைத் தேட வேண்டும். அதிகாரிகளுக்குத் தனித்தனிப் பணியாளர்கள் உண்டு. எந்தப் பணியாளர் எந்த அதிகாரியை ஒட்டியே நிற்கிறார் என்பது ஒரு தடயம். ஓவியரின் படங்களில் யார் யாரோடு கூடி நிற்கிறார்கள் என்பதும் அப்படியே. கல்யாண வீட்டுப் பழைய போட்டோவில் பெயர் தெரியாதவரை, அவர் யார் பக்கத்தில் நிற்கிறார் என்பதை வைத்துப் பெரியவர்கள் அடையாளம் சொல்வார்களே, அந்த வேலை இது. ஒருவரின் சாவை எத்தனை முறை உற்றுப் பார்த்தாலும் அவர் பெயர் பெரும்பாலும் அதில் கிடைக்காது. அவர் உயிரோடு இருந்தபோது, இன்னொருவர் சாகும் காட்சியின் ஓரத்தில் என்ன செய்துகொண்டிருந்தார் என்று போய்ப் பார்க்க வேண்டும்: சீட்டாடினாரா, கயிறு இழுத்தாரா, யாருக்கோ உதவ ஓடினாரா? சாவைத் தவிர வேறொன்றும் காட்டத் தெரியாத கருவியைக் கொடுத்துவிட்டு, வாழ்ந்த விதத்தைத் தேட வைக்கிறார் போப். இந்த விளையாட்டின் ஆழம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஊகித்தே பாதியை முடித்துவிடலாமே என்பார்கள். புத்தகம் நம் பதில்களை ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பதில்லை. மூன்று பேரின் விவரம் முழுமையாகச் சரியாக அமையும்போது அந்த மூன்றையும் சேர்த்து உறுதி செய்து, அச்சில் பதித்துவிடும். குருட்டாம்போக்கில் பெயர்களை மாற்றிப் போட்டுப் பார்ப்பதைத் தடுக்கும் ஏற்பாடு இது. ஆனால் உறுதியாகத் தெரிந்த இரண்டைக் கையில் வைத்துக்கொண்டு மூன்றாவதை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டால் பூட்டு திறந்துவிடும். பட்டியலில் ஆள் குறையக் குறைய இது இன்னும் சுலபமாகிறது. கடைசிப் பத்துப் பேருக்கு வரும்போது அறிவைவிட விடாப்பிடிதான் வேலை செய்கிறது என்ற குறையை நான் மறுக்கப்போவதில்லை. ஆனாலும் விதியை இன்னும் இறுக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்க வேண்டும். ஐந்து பேர் சேர்ந்தால்தான் உறுதி என்றால், ஒரு தவறு மற்ற நான்கு சரியான முடிவுகளையும் சந்தேகத்துக்குள் தள்ளிவிடும். எதுவும் பிடிபடாமல் ஆள் மூடி வைத்துவிடுவார். ஒன்றொன்றாக உறுதி செய்தால் யோசிக்கவே வேண்டாம். மூன்று என்பது, சந்தேகத்தோடு கொஞ்ச தூரம் நடக்க வைத்து, பைத்தியம் பிடிப்பதற்குள் ஒரு படி ஏற்றிவிடும் அளவு. போதுமான தடயம் கண்ணில் படும்வரை முகத்தைப் புத்தகத்தில் மங்கலாகவே வைத்திருப்பதும், கடினத்தின் அளவை முக்கோணக் குறிகளால் காட்டுவதும் இதே கணக்கில் வருகிற உதவிகள்தான். இப்போது யோசித்தால் பயனுண்டு என்று மட்டும் அவை சொல்கின்றன. எதை யோசிப்பது என்று சொல்வதில்லை.

இதே வழியில் பின்னால் வந்த விளையாட்டோடு ஒப்பிட்டால் போப்பின் தேர்வு இன்னும் தெளிவாகும். லாட்வியாவைச் சேர்ந்த சகோதரர்கள் இருவர் 2022இல் வெளியிட்ட ‘தி கேஸ் ஆஃப் தி கோல்டன் ஐடல்’ விளையாட்டிலும் சாவு நேர்ந்த நொடி உறைந்து நிற்கிறது, நாம் யார் என்ன என்று நிரப்புகிறோம். அருமையான விளையாட்டு அது. ஆனால் அங்கே படத்தைத் தட்டத் தட்டச் சொற்கள் கையில் வந்து சேரும். அந்தச் சொற்களைக் கோடிட்ட இடங்களில் பொருத்த வேண்டும். எது முக்கியம் என்பதைச் சொற்களே பாதி காட்டிக்கொடுத்துவிடுகின்றன. ஓப்ரா டின்னில் சேகரிக்க எதுவும் இல்லை. ஒரு காலணி தடயமா வெறும் காலணியா என்று ஆட்டம் சொல்லாது; பார்க்கிறவரின் கவனத்தில்தான் அது தடயமாகிறது.

பார்வையைப் பற்றிப் பேசும்போது இந்த விளையாட்டின் தோற்றத்தைச் சொல்லாமல் விட முடியாது. பழைய மேக்கிண்டாஷ் கணினிகளின் திரையைப் போல எல்லாம் இரண்டே நிறம். சாம்பல் நிறம் என்று தெரிவதுகூடப் புள்ளிகளை நெருக்கியும் பரப்பியும் உண்டாக்கியதுதான். தலையைத் திருப்பும்போது இந்தப் புள்ளிகள் நீந்துவதுபோல் அலைந்து கண்ணை உறுத்தும். பார்ப்பவரைச் சுற்றி ஒரு கோளம் இருப்பதாக வைத்து, புள்ளிகளை அதில் பதித்து, போப் அதைச் சமாளித்தார். வெறும் பழங்கால மோகம், கண்ணுக்கு வலி என்று சிலர் இந்தத் தோற்றத்தை ஒதுக்குகிறார்கள். நீண்ட நேரம் ஆடினால் கண் சோர்வது உண்மை. ஆனால் முழு வண்ணத்தில் எடுத்திருந்தால் உடையின் நிறமே பாதிப் புதிரை அவிழ்த்திருக்கும். இரத்தம் முதலில் கண்ணை இழுத்துக்கொண்டு ஓரத்தில் நிற்பவரை மறைத்திருக்கும். இரண்டு நிறத்தில், பிளந்து கிடக்கும் உடலும் அதற்கு அப்பால் நிற்கும் சமையல்காரரும் கண்ணுக்கு ஏறக்குறையச் சமம். உடலின் வடிவம், நிற்கும் விதம், தொப்பி, தாடி என்று பார்க்கக் கண் பழகிவிடுகிறது. பாஃப்டா அமைப்பு 2019இல் கலைச் சாதனைக்கும் விளையாட்டு வடிவமைப்புக்கும் சேர்த்து இதற்கு விருது கொடுத்தது பொருத்தம்; இங்கே அவை இரண்டு தனி விஷயங்கள் அல்ல.

கதையே சாதாரணம்தான், புதையல், கலகம், கடல் ஜந்துக்கள் என்று பழைய சாகசக் கதைகளின் சரக்கு என்பது இன்னொரு மறுப்பு. நேர் வரிசையில் சொன்னால் அப்படித்தான் இருக்கும். ஆனால் இங்கே முதலில் கையில் கிடைப்பது கடைசி அத்தியாயம். சம்பவங்கள் பெரும்பாலும் பின்னோக்கியே அவிழ்கின்றன. ஒருவன் கொலைகாரன் என்பது முதலில் தெரிந்து, அவன் எதற்குப் பயந்து அப்படி ஆனான் என்பது பல மணி நேரம் கழித்துத் தெரியவரும்போது, ஜந்துக்கள் பின்னுக்குப் போய் மனிதர்கள் முன்னுக்கு வருகிறார்கள். இதைவிட நியாயமான குறை ஒன்றைச் சொல்வேன்: பார்த்த நினைவை மறுபடி பார்க்க, அந்தப் பிணம் கிடக்கும் இடத்துக்கே நடந்து போக வேண்டும். கப்பலின் தளங்கள் மனதில் பதிய இந்த நடை உதவுகிறது என்று முதல் பாதியில் வாதாடலாம். இரண்டாம் பாதியில் அது வெறும் அலைச்சல். புத்தகத்தின் பக்கத்திலிருந்தே நினைவுக்குள் நுழைய வழி விட்டிருக்கலாம்.

எல்லாவற்றையும்விடக் கனமான மறுப்பு வேறு. மனிதர்களை நாடு, உச்சரிப்பு, பச்சை குத்தியது, முகச்சாயல் என்று வகை பிரித்து அடையாளம் காண வைப்பது காலனிய அதிகாரியின் பார்வை இல்லையா? ஆமாம், அந்தப் பார்வைதான். கம்பெனியின் ஆய்வாளராகத்தான் நம்மை அனுப்பியிருக்கிறார்கள், ஆள் பட்டியலும் கம்பெனியின் பட்டியல்தான். முடிவில் வரும் இழப்பீட்டு அறிக்கை இதை மறைக்காமல் காட்டுகிறது: 60 பெயர்களையும் வரிசையாக எடுத்து, இன்னாரின் குடும்பத்துக்கு இவ்வளவு, இன்னாரின் சொத்திலிருந்து இவ்வளவு அபராதம் என்று பைசல் பண்ணுகிறார்கள். எந்த நெருக்கடியில் ஒருவன் என்ன செய்தான் என்பதை உறைந்த நொடிக்குள் நின்று பார்த்த நமக்கு அந்தத் தொகைகள் எவ்வளவு பொருந்தாதவை என்று தெரியும். அந்தப் பொருந்தாமையை உணர்த்துவதில் விளையாட்டு வெற்றி பெறுகிறது. ஆனால் முழு வெற்றி இல்லை. சாலமன் சையத், ரென்ஃப்ரெட் ரஜூப் என்ற இரண்டு இந்திய மாலுமிகள் கதையின் தொடக்கத்திலேயே நோயில் இறந்துபோகிறார்கள். சீன மாலுமிகளுக்கோ பேச்சு மிகக் குறைவு; கால்களை வைத்து அவர்களைக் கண்டுபிடிப்பது புத்திசாலித்தனமான புதிர்தான் என்றாலும், அதிகாரிகளைப் போல அவர்களுக்கும் ஒரு கோபமோ ஒரு உறவோ கொடுத்திருந்தால் கால்களைத் தேட வேண்டியிருக்காது. பட்டியலின் மேல்வரிசையில் இருப்பவர்களை மனிதர்களாக அறிகிறோம், கீழ்வரிசையில் இருப்பவர்களைத் தடயங்களாக அறிகிறோம்.

நான்கரை ஆண்டு, குரல் கொடுத்த நடிகர்களைத் தவிர ஏறக்குறையத் தனி ஆளாக, எழுத்து, ஓவியம், இசை, நிரல் எல்லாம் தானே செய்து போப் உருவாக்கியது இது. அதற்குப் பிறகு அவர் இந்த வடிவத்துக்குத் திரும்பவில்லை. 2024இல் ‘பிளேடேட்’ என்ற கையடக்கக் கருவிக்காக வெளியிட்ட ‘மார்ஸ் ஆஃப்டர் மிட்நைட்’ முற்றிலும் வேறு ரகம். ஆகவே மிச்சம் வைத்த வேலை மற்றவர்களுக்கு இருக்கிறது. கம்பெனிக் கப்பல்கள் இந்தியத் துறைமுகங்களிலிருந்து இங்கிலாந்துக்குத் திரும்பும்போது லஸ்கர்கள் என்று அழைக்கப்பட்ட நம் பக்கத்து மாலுமிகளைப் பெருமளவில் ஏற்றிக்கொண்டு போயின. அப்படி ஒரு கப்பலின் ஆள் பட்டியலைக் கீழ்வரிசையிலிருந்து மேலாக நிரப்ப வைக்கும் விளையாட்டை, இதே கடிகாரத்தையும் இதே மூன்று பேர் விதியையும் வைத்துக்கொண்டே செய்யலாம்.