சொட்டுத் தண்ணீரில் ஓடை தெரியுமா?

ஃபோல்ட்ஸ்கோப் பற்றித் தமிழில் வருவதெல்லாம் பாராட்டுதான். பாராட்ட வேண்டிய கருவிதாங்க. ஏ4 தாளில் அச்சடித்து, வெட்டி, மடித்து, கடுகளவு கண்ணாடிக் கோளம் ஒன்றைப் பொருத்தினால் நுண்ணோக்கி தயார். மனு பிரகாஷும் ஸ்டான்ஃபோர்டு சகாக்களும் 2014-ல் வெளியிட்ட கட்டுரைப்படி பொருட்செலவு ஒரு டாலருக்குள், உருப்பெருக்கம் 140 மடங்கு முதல் 2000 வரை. 2015-ல் மத்திய உயிர்தொழில்நுட்பத் துறை அவர்களோடு ஒப்பந்தம் போட்டது. அப்புறம் நம்ம ஊர்ப் பள்ளிக்கூடங்கள் வரைக்கும் வந்துவிட்டது.

ஆனா, ஓடை உயிர்களைப் பார்க்கப் போகும் பிள்ளைகள் கையில் முதலில் கொடுக்க வேண்டியது இதுவா? அந்தக் கட்டுரையைப் படித்தாலே தெரியும், அவர்கள் மனதில் இருந்தது நோய் கண்டறிதல்: ரத்தப் பூச்சு, ஒட்டுண்ணி, பாக்டீரியா. ஓடைக்கு அளவுகோலே வேறு.

வழக்கமாக நடப்பது இதுதான். பாட்டிலில் தண்ணீர் மொண்டு, ஒரு சொட்டை ஸ்லைடில் வைத்துப் பார்ப்பார்கள். தேங்கிய நீருக்கு இது சரி. லீவன்ஹுக் 1674-ல் நுண்ணுயிர்களைப் பார்த்ததும் ஏரித் தண்ணீரில்தான், அதுவும் ஒற்றை வில்லையில். சாடிவயல் பக்கம் கல்லில் மோதி ஓடும் தண்ணியில் மிதக்கும் உயிர் தங்குமா? அடித்துக்கொண்டு போய்விடும். கடைசியில் பிள்ளைகள் காற்றுக் குமிழியை வரைந்து "செல்" என்று எழுதி வைப்பார்கள்.

ஓடையின் உயிர்கள் கல்லுக்கு அடியில் இருக்கின்றன. ஒரு கல்லைப் புரட்டி, வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டில் கழுவிப் பாருங்கள். வால் நீண்ட மேஃப்ளை இளம்பூச்சி, வயிற்றின் இருபுறமும் செவுளைத் துடுப்பு மாதிரி அடித்துக்கொண்டிருக்கும். மணலைப் பட்டிழையால் ஒட்டிக் கூடு கட்டிய கேடிஸ்ஃப்ளை புழு இருக்கும். இதெல்லாம் அரை சென்டிமீட்டர், ஒரு சென்டிமீட்டர் சமாச்சாரம். 140 மடங்கில் பார்த்தால் கால் முட்டி ஒன்றுதான் தெரியும். பத்து மடங்குக் கைவில்லை போதும். நுண்ணோக்கியில்தான் பிரமிப்பு வரும் என்பவர்கள் அந்தச் செவுள் அடிப்பதை ஒரு நிமிஷம் பார்க்கட்டும்.

பிரமிப்பைத் தாண்டியும் விஷயம் இருக்கிறது. பிரிட்டனில் உருவான பி.எம்.டபிள்யூ.பி. முறையில் பூச்சிக் குடும்பங்களுக்கு 1 முதல் 10 வரை மதிப்பெண். சுத்தமான நீர் கேட்கும் ஸ்டோன்ஃப்ளைக்கு 10. ஆக்ஸிஜன் குறைந்த சேற்றிலும் ஹீமோகுளோபினை வைத்துச் சமாளிக்கும் ரத்தப்புழுவின் குடும்பத்துக்கு 2. (மீன் தொட்டிக் கடைகளில் விற்பார்களே, அதேதான்.) இனம் வரை போக வேண்டியதில்லை, குடும்பம் தெரிந்தால் கணக்குப் போடலாம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளால் நிச்சயம் முடியும்.

நொய்யலைப் போல இதற்கு வசதியான ஆறு எது? வெள்ளியங்கிரியில் பிறந்து, கோவையின் சாக்கடையையும் கீழே திருப்பூரின் சாயத்தையும் வாங்கிய ஆறு. சித்திரைச்சாவடி அணைக்கட்டில் பத்துக் கல், ஒண்டிப்புதூரில் பத்துக் கல், ஒரே நாளில் பார்த்துவிடலாம். நான் பார்த்த களப்பயண அறிக்கைகளில் அழகான படங்கள் உண்டு. எந்த இடம், எந்த மாதம், எத்தனை கல் என்பது கிடையாது. எங்கள் வேலையில் "ஓடலைங்க" என்று மட்டும் எழுதி வரும் பக் ரிப்போர்ட் போலத்தான். அதை வைத்து என்ன செய்ய?

ஃபோல்ட்ஸ்கோப்புக்கு இடமே இல்லை என்று சொல்லவில்லை. கல்லின் மேல் வழுக்குமே ஒரு பழுப்புப் படலம், அதைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து ஒரு மூடியில் சேர்த்து, அதிலிருந்து ஒரு சொட்டு எடுங்கள். சிலிக்கா ஓடு போட்ட டயாட்டம்கள் வரிவரியாகத் தெரியும். அங்கே இந்தக் கருவியை அடிக்க ஆளில்லை.

போவதென்றால் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, டிசம்பர் கடைசி, ஜனவரி. வெள்ளம் போன கையோடு போனால் கல்லில் ஒன்றும் மிச்சமிருக்காது. சாடிவயலுக்கு மேலே காப்புக்காடு, வனத்துறை அனுமதி வேண்டும். பார்த்த பூச்சியை அதே இடத்தில் விட்டுவிட்டு, கல்லை எப்படிக் கிடந்ததோ அப்படியே திருப்பி வையுங்கள். ஒண்டிப்புதூரில் மட்டும் கையுறை இல்லாமல் இறங்க வேண்டாம்.