நான்கு வரி ரோடு மேப்

நான் படித்த காலத்தில் பத்தாம் வகுப்பு ஆங்கிலம் இரண்டாம் தாளில் 'ரோடு மேப்' என்று ஒரு கேள்வி வரும். சின்னதாக ஒரு வரைபடம், அதில் பஸ் ஸ்டாண்ட், வங்கி, ஆஸ்பத்திரி. வழி கேட்பவருக்கு ஆங்கிலத்தில் வழி சொல்ல வேண்டும். எங்கள் ஸார் அதற்கு நான்கு வரி வைத்திருந்தார். 'கோ ஸ்ட்ரெய்ட்' என்று ஆரம்பிக்கும். எந்த வரைபடம் வந்தாலும் அதே நான்கு வரிதான். லெஃப்ட், ரைட்டை மட்டும் பார்த்து மாத்திக்கணும்.

என். எஸ். பிரபு 1990இல் 'டெசோல் குவார்ட்டர்லி' இதழில் எழுதிய கட்டுரையைச் சமீபத்தில் படித்தபோது அந்த நான்கு வரி ஞாபகத்துக்கு வந்தது. சிறந்த கற்பித்தல் முறை என்று ஒன்று ஏன் இல்லை என்பதுதான் கட்டுரையின் கேள்வி. இதைக் கேட்பவர் தானே ஒரு முறையை உருவாக்கியவர். 1979 முதல் 1984 வரை நடந்த பெங்களூர் திட்டம் அவருடையது. சென்னையிலும் கடலூரிலும்கூட அந்த வகுப்புகள் நடந்தன. அங்கே இலக்கணத்தைத் தனிப் பாடமாக எடுக்கவில்லை. ரயில் கால அட்டவணை, ஊர் வரைபடம் போன்ற ஒன்றை வைத்து ஆசிரியர் முதலில் வகுப்போடு சேர்ந்து ஒரு கணக்கைப் போடுவார். பிறகு அதே மாதிரி இன்னொன்றை மாணவர்கள் தனியாகப் போட வேண்டும். விடையின் விஷயம் சரியா என்றுதான் பார்ப்பார்கள், வாக்கியம் சரியா என்றல்ல. மனம் பொருளில் மூழ்கியிருக்கும்போது இலக்கணம் தானாக உள்ளே படியும் என்பது பிரபுவின் நம்பிக்கை.

அந்த நம்பிக்கையை எல்லோர் தலையிலும் கட்டாமல் விட்டதுதான் 1990 கட்டுரையின் அழகு. இடத்துக்கு இடம் முறை மாறும், எல்லா முறையிலும் கொஞ்சம் உண்மை இருக்கும் என்ற சமாதானங்களை எடுத்து, ஒவ்வொன்றும் எங்கே போதாமல் போகிறது என்று காட்டுகிறார். பிறகு தன் பதிலுக்கு வருகிறார். தான் செய்வது எப்படி மாணவனுக்குள் கற்றலாக மாறுகிறது என்று ஒவ்வொரு ஆசிரியரிடமும் ஒரு உள்ளுணர்வு இருக்கிறது. 'சென்ஸ் ஆஃப் ப்ளாசிபிலிட்டி' என்கிறார் அதை. அது உயிரோடு இருந்து மாறிக்கொண்டே இருந்தால் வகுப்பும் உயிரோடு இருக்கும். உறைந்துபோனால், எவ்வளவு நல்ல முறையும் வெறும் சடங்காகிவிடும். அவர் கணக்கில் கற்பித்தலின் எதிரி தவறான முறையல்ல, இயந்திரத்தனம்.

இதற்கு அவருடைய திட்டத்திலேயே சான்று இருக்கிறது. அதே 1990இல் ஆலன் பெரெட்டா, பெங்களூர் திட்டம் வகுப்பறையில் எப்படி நடைமுறையானது என்று ஆராய்ந்து எழுதினார். திட்டத்துக்காக வெளியிலிருந்து வந்து பாடம் எடுத்தவர்கள் அளவுக்கு, அந்தந்தப் பள்ளியின் வழக்கமான ஆசிரியர்கள் அதைத் தம்வசமாக்கிக்கொள்ளவில்லை என்பது அவர் கண்டது. இதில் ஆச்சரியமில்லை. ஆசிரியர் ஆவதற்கு முன்பே ஒருவர் பல ஆயிரம் மணிநேரம் மாணவராக உட்கார்ந்து ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறார். அந்தப் பார்வையே பெரிய பயிற்சி என்று 1975இலேயே டான் லார்ட்டி எழுதியிருந்தார். சில நாள் பயிற்சி முகாம் அதை அழிக்காது.

இதுவரை பிரபுவோடு எனக்குச் சண்டையில்லை. என் சிக்கல் எங்கள் ஸார்தான். அவர் இயந்திரம் இல்லை. காலை எட்டு மணிக்கே வந்து ஸ்பெஷல் கிளாஸ் எடுப்பார். காலாண்டுத் தேர்வு முடிந்ததும் கடைசி இரண்டு பெஞ்சுகளுக்குத் தனி 'மெட்டீரியல்' தன் கையாலேயே எழுதித் தருவார். மனப்பாடப் பாட்டு, ரோடு மேப், ஒரு லெட்டர். போன வருஷம் எது எடுபடவில்லையோ அதை இந்த வருஷம் மாற்றுவார். "இதைப் படிங்கடா, முப்பத்தஞ்சு வந்துரும், மத்ததெல்லாம் உங்களுக்கு வேண்டாம்" என்பார். திட்டமாட்டார், பரிவோடுதான் சொல்வார். பிரபுவின் அளவுகோலில் அவர் உணர்வு உயிருள்ளது, வளர்வது. ஆனால் அது வளர்ந்ததெல்லாம் ஒரு கூரைக்குக் கீழே. இந்தப் பையன்களுக்கு இவ்வளவுதான் வரும் என்பது அந்தக் கூரை.

என் நண்பன் அந்த பெஞ்சில் இருந்தான். ஒரு மதியம் வெளிமாநில லாரி ஒன்று பள்ளி வாசலில் நின்றது. டிரைவர் "ரைஸ் மில், ரைஸ் மில்" என்றார். ஆங்கிலத்தில் எப்போதும் எண்பது வாங்கும் நான் வாக்கியத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். அவன் முன்னால் போய், "பிரிட்ஜ், நோ கோ. டெம்பிள், ரைட். டூ மினிட்" என்றான். லாரி சரியாகத் திரும்பிப் போனது. பெங்களூர் திட்டத்தில் அவனுக்கு முழு மதிப்பெண். எங்கள் வகுப்பில் அவனுக்கு அதே நான்கு வரி.

பிரபு பேசுவது கற்றல் எப்படி நடக்கிறது என்ற நம்பிக்கையைப் பற்றி. நம் வகுப்பறைகளில் அதற்கு முன்பே இன்னொரு நம்பிக்கை உட்கார்ந்திருக்கிறது: யாருக்குக் கற்றல் நடக்கும் என்பது. முறை, பாடநூல், பயிற்சி எல்லாம் மாறலாம்; இந்த இரண்டாவது நம்பிக்கையைத் தொடாவிட்டால் எல்லாமே முன் பெஞ்சோடு நின்றுவிடும். பிரபுவின் கட்டுரை ஆசிரியரின் உணர்வு உயிரோடு இருக்கிறதா என்று கேட்கிறது. அது யாரை வெளியே விடுகிறது என்று கேட்பதில்லை. ஆசிரியர்மேல் அவர் வைத்த மரியாதையே அந்தக் கேள்வியை மறைத்துவிட்டது என்று நினைக்கிறேன்.

ஸாரைக் குறை சொல்லிவிட்டு எழுந்துபோக எனக்கு வசதியில்லை. போன வருஷம் என் டீமுக்குத் தமிழ்வழியில் படித்த ஒரு பையன் வந்தான். "கம்யூனிகேஷன் கொஞ்சம் வீக், க்ளையன்ட் கால் வேண்டாம், பக் ஃபிக்ஸ் மட்டும் குடுக்கலாம்" என்று மேனேஜரிடம் சொன்னது நான்தான். பரிவோடுதான் சொன்னேன். எட்டு மாதமாக அவன் ஒரு காலில்கூடப் பேசவில்லை. அவனால் பேச முடியுமா என்று எனக்கு இன்னும் தெரியாது, ஏனென்றால் நான் பார்த்ததே இல்லை. வருகிற செவ்வாய்க்கிழமை கால் அவன் பெயரில் போட்டிருக்கிறேன்.