88 கிலோவில் நிற்கும் கேள்வி

டோக்கியோ ஒலிம்பிக்கில் 49 கிலோ எடைப் பிரிவில் மீராபாய் சானு வெள்ளி வாங்கியபோது நாடே கொண்டாடியது. அந்தச் சந்தோஷத்தில் முடிவுப் பட்டியலைக் கூர்ந்து பார்த்தவர்கள் குறைவு. தங்கம் வென்ற சீனாவின் ஹோ ஷிஹுய் ஸ்னாட்சில் 94, கிளீன் அண்ட் ஜெர்க்கில் 116 என மொத்தம் 210 கிலோ தூக்கினார். சானு 87, 115 என 202 கிலோ. வித்தியாசம் எட்டு கிலோ. அதில் ஏழு ஸ்னாட்சிலேயே போய்விட்டது. கிளீன் அண்ட் ஜெர்க்கில் இருவருக்கும் இடையே இருந்தது ஒரே ஒரு கிலோ.

பளுதூக்கும் பயிற்சியாளர்களிடம் ஒரு தோராயக் கணக்கு உண்டு. ஒருவருடைய ஸ்னாட்ச் எடை, அவருடைய கிளீன் அண்ட் ஜெர்க் எடையில் 80 முதல் 85 சதவீதம் இருக்க வேண்டும் என்பார்கள். ஹோவுக்கு 81. நம் வேலூர் சத்துவாச்சாரியின் சதீஷ் சிவலிங்கம் 2014இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் தங்கம் வென்றபோது 149, 179, விகிதம் 83. சானுவுக்கு டோக்கியோவில் 76கூட வரவில்லை. அதற்குச் சில மாதங்களுக்கு முன் தாஷ்கண்டில் நடந்த ஆசியப் போட்டியில் கிளீன் அண்ட் ஜெர்க்கில் 119 தூக்கி உலக சாதனை படைத்தாரே, அன்றைக்கு அவருடைய ஸ்னாட்ச் 86 கிலோதான். விகிதம் 72.

இப்படி ஒரு கணக்கைக் கண்டதும் பயிற்சிக்கூடத்தில் உடனே வரும் தீர்ப்பு: வலு இருக்கிறது, நுட்பம் போதவில்லை. இரண்டு வகைக்கும் அதே கால், அதே முதுகுதான். ஒன்றில் உலக சாதனையும் இன்னொன்றில் பின்தங்கலும் என்றால் குறை வேறெங்கே இருக்க முடியும்? நியாயமான ஊகம்தான். ஆனால் அந்த ஊகத்தை நம்பி உலகம் முழுக்க ஏராளமான பயிற்சி நேரம் செலவாகிறது. அது சரியான இடத்தில் செலவாகிறதா என்று கேட்பவர்கள் குறைவு.

ஸ்னாட்ச் என்பது தரையிலிருக்கும் பாரை, கிளீன் அண்ட் ஜெர்க்கில் போலத் தோளில் நிறுத்தாமல், ஒரே இழுப்பில் தலைக்கு மேல் கொண்டுபோவது. தரையை விட்டு எழும்போது பார் உடலை நோக்கிச் சற்றுப் பின்னால் வர வேண்டும். முழங்காலைக் கடந்ததும் தொடையை உரசி மேலேற வேண்டும். இடுப்பு விரிந்த கணத்தில் தூக்குபவர் தன்னையே பாருக்கு அடியில் இழுத்துக்கொண்டு உட்கார வேண்டும். எல்லாம் ஏறக்குறைய ஒரு நொடியில் நடக்கிறது. இவ்வளவு வேகமான அசைவை நடுவில் நிறுத்தித் திருத்த முடியாது. அதனால்தான் பிரித்துப் பழக்குகிறார்கள். பாரைத் தொடையருகே தொங்கவிட்டு அங்கிருந்து தூக்குவது, மரக்கட்டைகள் மேல் வைத்துத் தூக்குவது, தரையிலிருந்து முழங்கால்வரை மட்டும் மெதுவாக இழுத்து நிறுத்துவது, எடையில்லாத பாரைத் தலைக்கு மேல் பிடித்தபடி உட்கார்ந்து எழுவது. செல்போன் வந்தபின் ஒவ்வொரு தூக்கலும் ஸ்லோமோஷனில் பதிவாகி அலசப்படுகிறது.

இந்த முறை பலன் தராதது என்று நான் சொல்ல மாட்டேன். புதிதாகப் பார் பிடிக்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. முதல் சில ஆண்டுகளில் உடலில் படியும் பாதைதான் பிற்பாடு பெரிய எடையிலும் வெளிப்படும். படமெடுத்துப் பார்ப்பதாலும் இந்த விளையாட்டுக்கு உண்மையான லாபம் கிடைத்திருக்கிறது. பார் முழங்காலைத் தாண்டும்போது, நீண்டுவிட்ட முழங்கால் மறுபடி லேசாக மடங்கிப் பாருக்கு அடியில் நகர்கிறது. வெறுங்கண்ணுக்கு எளிதில் பிடிபடாத இந்த அசைவைத் திரைப்படச் சுருளை ஒவ்வொரு சட்டமாக ஓட்டிப் பார்த்துத்தான் ஆராய முடிந்தது. ஆனால் இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. யாரும் சொல்லிக் கொடுக்காமலே பல வீரர்கள் அதை ஏற்கெனவே செய்துகொண்டிருந்தார்கள். அதைத் தனியாகக் கற்றுத்தர வேண்டுமா, அல்லது மற்றவை சரியாக இருந்தால் தானாக வந்துவிடுமா என்ற சண்டை இன்றும் ஓயவில்லை. என் வோட்டு இரண்டாவது கட்சிக்கு.

சரியான நுட்பம் என்று நாம் நினைப்பதும் நிலையானதல்ல. பாரைத் தொடையில் உரசவிடுவது ஒரு காலத்தில் தவறு. 1960களில் அந்த விதி மாறிய பின்புதான் இன்றைய இழுப்பே சாத்தியமாயிற்று. மூன்றாவது வகையாக இருந்த பிரஸ் (தோளிலிருந்து பாரைக் கைவலுவால் மேலே தள்ளுவது), 1972 மியூனிக் ஒலிம்பிக்கோடு நீக்கப்பட்டது. உடலைப் பின்னால் வளைத்துத் தூக்கும் தந்திரம் எல்லை மீறிப்போய், எது சரியான தூக்கல் என்று நடுவர்களால் ஒரே மாதிரி தீர்ப்புச் சொல்ல முடியவில்லை.

லேசான எடையில் செய்யும் திருத்தப் பயிற்சியின் மிகப் பெரிய ஓட்டை இயற்பியலில் இருக்கிறது. பெண்களுக்கான வெறும் பார் 15 கிலோ. 49 கிலோ உடம்புக்கு அது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. தூக்குபவர் எப்படி நின்றாலும் சமநிலை அவர் கையில். சானுவின் ஸ்னாட்ச் உச்சமான 88 கிலோ ஏறியதும் கதை தலைகீழாகிறது. உடலைப்போல் ஏறத்தாழ 1.8 மடங்கு எடை எதிரே நிற்கும்போது பார்தான் ஆளை இழுக்கும். லேசான பாரைக் கையால் இழுத்துத் தப்பிக்கலாம். தேவைக்கு மேல் உயரும், எங்கே உட்கார்ந்தாலும் பிடித்துவிடலாம். அந்த மன்னிப்பு 88 கிலோவில் கிடையாது. ஆகவே வெறும் பாரில் அழகாகத் தூக்குபவர் பெரிய எடையிலும் அப்படியே தூக்குவார் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. நீச்சலைக் குளத்துக் கரையில் குப்புறப் படுத்துக் கற்பதற்குச் சமம் இது. கையசைவு வரும், தண்ணீர் வராது.

இதற்கு நேர் எதிர்த் துருவம் பல்கேரியப் பயிற்சியாளர் இவான் அபாஜியேவ். பயிற்சி வகைகளை வெட்டித் தள்ளி, ஸ்னாட்ச், கிளீன் அண்ட் ஜெர்க், ஸ்குவாட் என விரல்விட்டு எண்ணும் சிலவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, அன்றன்றைய உச்ச எடைவரை தினமும் தூக்க வைத்தார். நுட்பம் அந்த எடையிலேயே கூராகட்டும் என்பது அவர் கட்சி. அவரிடம் வளர்ந்த நயீம் சுலைமானோக்லு, துருக்கிக்குப் போன பிறகு, 1988 சியோல் ஒலிம்பிக்கில் 60 கிலோ பிரிவில் 190 கிலோவை ஜெர்க் செய்தார். தன் எடையில் மூன்று மடங்குக்கும் மேல். அதே சியோலில் பல்கேரிய வீரர்கள் இருவரின் தங்கம் ஊக்கமருந்தால் பறிபோய், அணியே பாதியில் வெளியேறியது. அந்த முறை எத்தனை உடல்களை உடைத்தது, மருந்தில்லாமல் அதைத் தாங்க முடியுமா என்ற கேள்விகள் அதன் மீது ஒட்டிக்கொண்டே இருக்கின்றன. இந்த இரண்டு துருவங்களுக்கும் நடுவே, சோவியத் பயிற்சியாளர்கள் பெரும்பாலும் உச்ச எடையின் 70, 80 சதவீதத்தைச் சுற்றி வேலை வாங்கினார்கள். பார் உண்மையாக எதிர்க்கும் அளவுக்கு எடை, தவறு செய்தால் உடல் நொறுங்காத அளவுக்கு நிதானம். நுட்பத்தைத் திருத்த ஏற்ற இடம் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னொரு ஓட்டை, குறையை எங்கே தேடுகிறோம் என்பது. சானு 2016 ரியோவில் கிளீன் அண்ட் ஜெர்க்கின் மூன்று முயற்சிகளிலும் தோற்று மொத்தக் கணக்கே இல்லாமல் வெளியேறியவர். அடுத்த ஆண்டே அனாஹைமில் 194 கிலோவோடு உலகச் சாம்பியன். ஆக, அவருக்குத் தூக்கத் தெரியவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. இருந்தும் ஸ்னாட்ச் நகரவில்லை. 2020 அக்டோபரில் அமெரிக்கா போய் இயன்முறை மருத்துவர் ஆரோன் ஹோர்ஷிக்கிடம் காட்டியபோது பேச்சு தோள், முதுகுத் தசைகளின் சமநிலைக் குறைவு பக்கம் போயிற்று. ஸ்னாட்சில் கைகள் அகலமாகப் பிடித்திருக்கும். எடை தலைக்குப் பின்புறம் உட்கார வேண்டும். ஒரு தோள் மற்றதைப் போலத் திறக்காவிட்டால் பார் சாயும், சாய்ந்தால் விழும். பார்ப்பவர் கண்ணுக்கு அது நுட்பப் பிழை. “முழங்கையைப் பூட்டு, பாரை நெருக்கமாக வை” என்று அவரைப் பார்த்து எத்தனை முறை கத்தினாலும் தோள் திறக்காது. இங்கே பயிற்சியாளரின் கூர்மையான கண்ணே தடையாகிறது; விளைவைத் துல்லியமாகக் கண்டுவிடுவதால் காரணத்தைத் தேடாமல் நின்றுவிடுகிறது.

சிகிச்சை என்ன தந்தது? ஆறு மாதத்தில் வந்த 119 கிலோ உலக சாதனையைத் தந்தது, அதன் பின் வந்த ஒலிம்பிக் வெள்ளியையும் தந்தது. ஸ்னாட்சோ அசையவில்லை. 2020 பிப்ரவரியில் தேசியப் போட்டியில் அவர் ஸ்னாட்சில் தூக்கியது 88 கிலோ. 2022 காமன்வெல்த் போட்டியில் 88. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் 88. 90 கிலோ என்ற இலக்கு இத்தனை ஆண்டுகளும் பேசப்பட்டுக்கொண்டே இருந்தது. தேர்ந்த பயிற்சியாளர், நல்ல வசதி, வெளிநாட்டு நிபுணர் எல்லாம் இருந்தும் நான்கரை ஆண்டில் ஒரு கிலோ கூடவில்லை என்பதை நுட்பத் திருத்தத்தின் ஆதரவாளர்கள் நேராகப் பார்க்க வேண்டும். இருபது வயதைத் தாண்டி வேரூன்றிய அசைவு, எவ்வளவு பயிற்சி கொடுத்தாலும் மேடையில் பழைய பாதைக்கே திரும்பிவிடக்கூடும். திருத்தம் அவரைக் காயத்திலிருந்து மீட்டு மேடையில் நீடிக்க வைத்தது. அது சிறிய சாதனையல்ல. ஆனால் நாம் எதிர்பார்த்த சாதனை அதுவல்ல.

பாரிஸ் கணக்கு விகிதக் கணக்கையும் கேலி செய்கிறது. அங்கே 88, 111. விகிதம் 79, தாஷ்கண்டைவிட எவ்வளவோ நல்ல எண். காரணம் ஸ்னாட்ச் உயர்ந்ததல்ல. 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் பட்ட இடுப்புக் காயத்தின் பின் கிளீன் அண்ட் ஜெர்க் இறங்கியதுதான். தாளில் நுட்பம் தேறியது. மேடையில் ஒரு கிலோவில் வெண்கலம் தாய்லாந்துக்குப் போயிற்று.

2025 அக்டோபரில் நார்வேயின் ஃபோர்டே நகரில், 48 கிலோ பிரிவுக்கு இறங்கி, அவர் உலகப் போட்டி வெள்ளி வாங்கினார். ஸ்னாட்சில் 84 தூக்கி, 87ஐ இருமுறை தவறவிட்டார். கிளீன் அண்ட் ஜெர்க்கில் 109, 112, 115 மூன்றும் சுத்தம். விகிதம் மறுபடி 73க்கு விழுந்தது. மொத்தத்தில் மூன்றாம் இடத்துக்கு வந்தவரைவிட ஒரு கிலோ அதிகம். பதக்கத்தைக் கொடுத்தது எந்தத் தூக்கல் என்று பார்த்தால், அடுத்த பயிற்சித் திட்டத்தில் ஸ்னாட்சுக்கு எத்தனை மணி நேரம், கிளீன் அண்ட் ஜெர்க்குக்கு எத்தனை என்பதை மறுபடி பிரித்துப் போட வேண்டியிருக்கும்.