கீழே நிற்கும் மீட்டரும் மேலே நனையும் கேபிளும்

வயர்லெஸ் தளநிலையங்களில் கருவிக்கும் ஆன்டெனாவுக்கும் இடையே ஓடும் கோஆக்ஸ் கேபிள் நல்ல நிலையில் இருக்கிறதா என்பதை, கருவிக்கு அருகே பொருத்திய எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரைக் கொண்டே சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கை இத்தொழிலில் நெடுங்காலமாக வேரூன்றியிருக்கிறது. தன்மேல் தானே ஒட்டி ஒன்றாகிவிடும் சிலிக்கோன் டேப் எளிதில் கிடைக்கத் தொடங்கியபின், இணைப்பின்மேல் அதை இழுத்துச் சுற்றிவிட்டு ஆண்டுக்கொருமுறை மீட்டரைப் பார்த்துக்கொண்டால் டவரில் ஏற வேண்டியதே இல்லை என்ற வாதமும் அதனோடு சேர்ந்துகொண்டது. டேப்பைப் பற்றிய பாராட்டில் உண்மை இருக்கிறது. மீட்டரைப் பற்றிய நம்பிக்கையோ அடிப்படையிலேயே பிழையானது.

பழகிய கைகள் செய்யும் காப்பு முறையில் குறை சொல்ல அதிகமில்லை. முதலில் பிவிசி டேப், அதன்மேல் பிசுபிசுப்பான பியூட்டைல் ரப்பர், அதற்கும் மேல் மீண்டும் பிவிசி டேப் என்று மூன்று அடுக்காகச் சுற்றி, கடைசி அடுக்கைக் கூரைக்கு ஓடு வேய்வதுபோலக் கீழிருந்து மேலாக ஏற்றினால், வழியும் நீர் மடிப்புகளுக்குள் புக இடமிருக்காது. கட்டடத்துக்குள் நுழையுமுன் கேபிளைத் தாழ வளைத்துப் பின் மேலேற்றுவதால், அதன்மேல் ஓடிவரும் நீர் வளைவின் அடியிலேயே சொட்டிவிடுகிறது. காடி வாடையோடு இறுகும் சாதாரண சிலிக்கோன் பசையிலிருந்து வெளிவரும் அசிட்டிக் அமிலம் செம்பை அரிக்கும் என்பதும் இன்று பெரும்பாலும் அறியப்பட்டதே.

ஆனால் இவ்வளவு செய்தும் நீர் புகும். வெயிலில் 60 டிகிரி வரை சூடேறிய கனெக்டர் மழையில் 25 டிகிரிக்குக் குளிரும்போது, உள்ளிருக்கும் காற்று ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு சுருங்கப் பார்க்கிறது. அதனால் எழும் உறிஞ்சல், காப்பில் மயிரிழை அளவு இடைவெளி இருந்தாலும் ஈரக்காற்றை உள்ளே இழுத்துக்கொள்கிறது. இணைப்பு நன்றாகவே மூடப்பட்டிருந்தாலும், டவரின் இரும்பு விளிம்பில் காற்றுக்கு உரசி உரசிக் கேபிளின் மேலுறை தேய்ந்த இடம் வேறொரு வாசலாகிறது. உள்ளே வந்த நீர் அங்கேயே நிற்பதில்லை. மெல்லிய செம்புக் கம்பிகளால் ஆன பின்னல் அதை விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோலவே, ஆனால் அதைவிட நெடுந்தூரத்துக்குத் தன் நெடுகக் கொண்டுசெல்கிறது. மேலுறையை அறுத்துப் பார்த்தால், பளபளப்பாக இருக்க வேண்டிய பின்னல் இணைப்பிலிருந்து பல மீட்டர் கீழேயும் கறுத்துக் கிடப்பதைக் காணலாம். கடலோரமாயின் உப்பு இந்த வேலையை இன்னும் விரைவாக முடிக்கும்.

இந்தச் சேதத்தை எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் காட்டாது என்பது மட்டுமல்ல, அதை நலமாகவே மாற்றிக் காட்டும். எஸ்.டபிள்யூ.ஆர். எனப்படும் நிலை அலை விகிதம், அனுப்பிய அலையில் எவ்வளவு ஏற்கப்படாமல் திரும்பி வருகிறது என்பதைச் சொல்வது. எதுவும் திரும்பவில்லையென்றால் அது 1. நனைந்த கேபிள் மேலே போகும் அலையையும் விழுங்குகிறது, திரும்பி வருவதையும் விழுங்குகிறது. ஆகவே கீழே வந்துசேரும் அலை குறைந்துபோக, மீட்டரின் முள் 1-ஐ நோக்கி இறங்குகிறது. மீன்பிடித் துறைமுகம் ஒன்றின் கரை நிலையத்தை எடுத்துக்கொள்ளலாம். கடல்சார் விஎச்எஃப் அலைவரிசையில் எல்.எம்.ஆர்.-400 வகைக் கேபிள் 100 மீட்டருக்குச் சுமார் 5 டெசிபெல் இழக்கும் என்பதால், 30 மீட்டர் கேபிளில் இழப்பு 1.5 டெசிபெல், கருவி தரும் 25 வாட்டில் 17 வாட்டுக்கு மேல் ஆன்டெனாவைச் சேரும். ஆன்டெனாவின் உண்மையான விகிதம் 2 என்றால் கீழே மீட்டர் 1.6 காட்டும். வடகிழக்குப் பருவமழைக்குப் பின் அதே கேபிளின் இழப்பு 5 டெசிபெலாக உயர்ந்துவிட்டால், மேலே சேர்வது 8 வாட்டுக்கும் குறைவு, மீட்டரோ 1.2 என்று காட்டும். இழப்பு 10 டெசிபெலாகிவிட்டால், ஆன்டெனாவை முற்றிலும் கழற்றி எறிந்துவிட்டாலும் மீட்டர் காட்டுவது அதே 1.2 தான். இந்த எண்ணைப் பதிவேட்டில் எழுதி, கேபிள் நன்று என்று கையொப்பமிடுவதைப் பராமரிப்பு என்று அழைக்க எந்த நியாயமும் இல்லை.

ஒவ்வோர் ஆண்டும் ஆளை மேலேற்றுவது செலவும் ஆபத்தும் நிறைந்தது என்ற மறுமொழி உண்மைதான், ஆனால் பொருந்தாதது. ஆன்டெனா தன் அலைவரிசைக்கு வெகுதொலைவிலுள்ள அதிர்வெண்ணில் வரும் ஆற்றலை ஏறத்தாழ முழுவதும் திருப்பி அனுப்பிவிடும் ஆதலால், நானோவிஎன்ஏ போன்ற விலை மலிந்த அளவியைக் கீழே இணைத்து, திரும்பும் அலை எத்தனை டெசிபெல் குறைந்திருக்கிறது என்று பார்த்து இரண்டால் வகுத்தால், அந்த அதிர்வெண்ணில் கேபிளின் ஒருவழி இழப்பு ஓரளவு சரியாகவே கிடைத்துவிடுகிறது. நிறுவிய அன்றே இந்த எண்ணைக் குறித்துவைத்து, மழைக்காலம் கழிந்ததும் அதே அதிர்வெண்ணில் மீண்டும் அளந்து ஒப்பிட ஏணியும் வேண்டாம், கயிறும் வேண்டாம். இவ்வளவு எளிய வழியிருந்தும் எஸ்.டபிள்யூ.ஆர். ஒன்றையே பிடித்துக்கொண்டிருப்பதற்குப் பழக்கத்தைத் தவிர வேறு காரணம் தென்படவில்லை.

கரை நிலையத்தின் வீச்சு குறைந்துவிட்டது என்ற புகார் வரும்போது, கருவியின் ஆற்றலைக் கூட்டுவதோ ஆன்டெனாவை மாற்றுவதோதான் முதலில் நினைவுக்கு வருகிறது. படகிலிருந்து 5 வாட் கைக்கருவியில் அழைப்பவருக்கு ஆற்றலைக் கூட்டுவதால் பயனில்லை. அவருடைய குரல் ஆன்டெனாவை வந்தடைந்தபின் அதே ஈரக் கேபிளின் வழியே இறங்கி, அதே 5 டெசிபெலை இழந்து, கருவியின் சொந்த இரைச்சலுக்குள் அமிழ்ந்துபோகிறது. கேபிளுக்குக் கீழே எத்தகைய பெருக்கியைப் பொருத்தினாலும், இரைச்சலுக்கு எதிராக அக்குரல் கேபிளில் இழந்த வலிமையை அது மீட்டுத் தராது.