சர்வீஸ் ரோட்டை அடையாளம் கண்ட போன்

சாத்தூர் நாலுவழிச் சாலையிலிருந்து சர்வீஸ் ரோட்டுக்கு வண்டியை இறக்கினால், என் புதுப் போனின் மேப்பில் நீலப் புள்ளியும் கூடவே இறங்குகிறது! இது பெரிய விஷயமா என்று கேட்பவர்கள், ஒட்டி ஒட்டி ஓடும் அந்த இரண்டு ரோட்டில் பழைய போனை வைத்துக்கொண்டு அல்லாடியிருக்க மாட்டார்கள். ஊருக்குள் திரும்ப வேண்டிய இடம் கடந்த பிறகும் ‘நேராகச் செல்லவும்’ என்று மேப்பின் குரல் அடம்பிடிக்கும்.

எல்லாம் எல்5 செய்யும் வேலை. பழைய போன்கள் செயற்கைக்கோள்களிலிருந்து 1575.42 மெகாஹெர்ட்ஸில் வரும் எல்1 சிக்னலை மட்டும்தான் பிடிக்கும். புதியது 1176.45-ல் வரும் எல்5-ஐயும் சேர்த்துப் பிடிக்கிறது. எல்1 குறியீட்டில் ஒரு துணுக்கின் நீளம் சுமார் 300 மீட்டர். எல்5-ல் வெறும் 30. அவ்வளவு பொடிசாக இருப்பதால், மெயின் ரோட்டுக் கட்டடச் சுவரில் முட்டித் திரும்பும் சிக்னல் எது, வானத்திலிருந்து நேரே வருவது எது என்று போன் பிரித்துவிடுகிறது.

நம்ம சீமைக்கு இதில் தனி லாபம் உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு திருநெல்வேலிப் பக்கமாகத்தான் போகிறது. தும்பாவில் 1963-ல் ராக்கெட் விட்டதற்கே அதுதான் காரணம். அந்தக் கோட்டுக்கு மேலே அயனமண்டலம் சும்மா இருக்காது, சிக்னலைத் தாமதப்படுத்தும். பத்தில் ஒரு மைக்ரோ செகண்ட் தாமதித்தாலே 30 மீட்டர் பிழை! அதிர்வெண் குறைந்தால் தாமதம் கூடும் என்பதால், இரண்டு அலைவரிசையையும் ஒப்பிட்டு அந்தப் பிழையைக் கழித்துவிட வழியிருக்கிறது. பொழுது சாய்ந்தபின் அயனமண்டலத்தில் குமிழிகள் கிளம்பும் சில இரவுகளில் எல்5-ம் திணறும், மறுக்கவில்லை.

இந்த சிக்னல்கள் எந்தெந்தச் செயற்கைக்கோளிலிருந்து வருகின்றன என்று அறிய, ஜி.பி.எஸ். டெஸ்ட் என்ற இலவச ஆப்பைப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு செயற்கைக்கோளுக்கும் பக்கத்தில் அதனதன் கொடி. அமெரிக்கா, ரஷ்யா, சீனா என்று இறங்கிக்கொண்டே வந்தால், நம் மூவர்ணம்! நம் நாட்டுச் செயற்கைக்கோள் வழிகாட்டி அமைப்பான நாவிக்! 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நம் வானத்தை விட்டு விலகாமல் நிற்கிறது. 2013-ல் ஏவிய அதன் முதல் செயற்கைக்கோளில் வெளிநாட்டு அணுக் கடிகாரங்கள் மூன்றுமே பழுதாயின. 2023 மே 29-ல் போன என்.வி.எஸ்-01-ல் நாமே செய்த ருபீடியம் கடிகாரம் ஓடுகிறது. 2025 ஜனவரியில் ஏவிய என்.வி.எஸ்-02 உரிய சுற்றுப்பாதைக்கு ஏறாமல் போனபோது எனக்குச் சொந்த வீட்டுத் துக்கம்.

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசு லோடு ஏற்ற வெளிமாநில லாரி வந்தால்தான் இதன் முழு அருமை தெரியும். ஆலைகள் ஊரை விட்டுத் தள்ளிக் கரிசல் காட்டுக்குள் இருக்கின்றன. சீமைக்கருவேலத்துக்கு நடுவே ஒன்றுபோலவே பிரியும் மண்பாதைகள். முன்பெல்லாம் டிரைவர் அடுத்த ஆலை வாசலில் நின்றுகொண்டு ஹாரன் அடிப்பார். இப்போது நான் எங்கள் ஆலை கேட் முன்னால் நின்று (உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது) லோகேஷன் அனுப்புகிறேன். லாரி சரியாக அந்த கேட்டுக்கே வருகிறது, ஒரு போன் கால் இல்லாமல்!

போன் வாங்கப் போனால் கேமராவை அப்புறம் பாருங்கள். ‘எல்5 இருக்கா, நாவிக் எடுக்குமா?’ என்று கேளுங்கள். கடைப் பையன் முழிப்பான். பெட்டியில் இல்லாவிட்டாலும் கம்பெனியின் விவரப் பட்டியலில் போட்டிருக்கும், தேடச் சொல்லுங்கள்.